பூஜ்யம் நம்பர் அறை பார்த்தவர்கள் கவனத்திற்கு

"கடைசியில அந்தப் பேய் யாருன்னு சொல்லு, பார்க்கலாம்!"

வேதாந்தம் இப்படிக் கேட்டபோது சந்திரிகா ஸ்டூல் மேல் ஏறி நின்று, பரணிலிருந்து ஒரு புத்தகக் கட்டை இறக்கிக்கொண்டிருந்தாள். கட்டு கை நழுவித் தொப்பென்று விழுந்தது. கொஞ்சம் விட்டிருந்தால் அவளும் விழுந்திருப்பாள்.

வேலையில் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அதற்குள் பரீட்சை!

மயிலாப்பூர் மாட வீதிக்கு ஒரு சந்து தள்ளி இருக்கிறது வேதாந்தம் புத்தக நிலையம். அதுவரை அங்கே போணியானதெல்லாம் பஞ்சாங்கம், சுலோகப் புத்தகம், பத்தாம் வகுப்பு கைடு. ஆனால் கைடு வாங்க வருகிற பிள்ளைகள் வாயைத் திறந்தால் ஒரே பேச்சு, 'பூஜ்யம் நம்பர் அறை'. ஃபோனில் பார்க்கிற தொடர். ஏற்காட்டில் ஒரு ஹாஸ்டல். அதில் கணக்கில் வராத ஓர் அறை. உள்ளேயிருந்து யாரோ பாடுகிறார்கள். நாலு மாணவர்கள் துப்புத் துலக்குகிறார்கள். முதல் சீசன் முடிந்துவிட்டது. அடுத்தது எப்போது என்று தெரியாமல் பிள்ளைகள் பித்துப் பிடித்தமாதிரி அலைந்தார்கள்.

வேதாந்தத்துக்கு யோசனை உதித்தது. கடை வாசலில் ஒரு மேஜை. மேலே ஒரு போர்டு: 'பூஜ்யம் நம்பர் அறை பார்த்தவர்கள் கவனத்திற்கு! அடுத்து இதைப் படியுங்கள்!' ஒவ்வொரு புத்தகத்தின் மேலும் ஒரு சின்ன அட்டை. தொடரில் எந்தக் காட்சி பிடித்தவர்களுக்கு இந்தப் புத்தகம் பிடிக்கும் என்று அதில் எழுதியிருக்க வேண்டும். அதை எழுதத்தான் ஆள் தேடினார்.

இன்டர்வியூவில் ஒரே கேள்விதான். "பூஜ்யம் நம்பர் அறை பார்த்திருக்கியோ?"

"மூணு தடவை சார்!"

"பேஷ்! நான் நாலு தடவை."

சந்திரிகா அந்தத் தொடரில் ஒரு காட்சியைக்கூடப் பார்த்ததில்லை.

பொய் சொல்வது அவளுக்கு வழக்கமில்லை. உண்மை பேசியே வேலைகளைத் தொலைத்தவள். தி.நகர் ஜவுளிக் கடையில், "அக்கா, இந்தக் கலர் உங்களுக்கு எடுக்கல" என்று சொன்னதில் முதல் வேலை போனது. பெசன்ட் நகர் டிராவல்ஸ் ஆபீஸில், "அந்த ஹோட்டல்ல கரப்பான்பூச்சி இருக்கும் சார், வேற பாருங்க" என்றதில் அடுத்தது போனது.

"இந்த வேலையும் போச்சுன்னா, பேசாம சித்தப்பா பாத்திரக் கடையில போய் உக்காரு" என்று சொல்லிவிட்டார் அப்பா அய்யாதுரை.

சித்தப்பா கடையில் அவளுக்குக் காத்திருந்தது எவர்சில்வர் தட்டில் பெயர் வெட்டுகிற வேலை. நாள் முழுக்க மெஷின் 'டர்ர்ர்' என்று காதுக்குள் துளைக்கும். இங்கேயோ சுற்றிலும் புத்தகம். அதுவும் பரண் முழுக்கப் பழைய மர்ம நாவல்கள். பள்ளிக்கூட நாளிலிருந்து பழைய பேப்பர் எடைக்கடையில் தேடித் தேடி அவள் படித்த சமாசாரம். வியாபாரம் இல்லாத நேரத்தில் படித்தாலும் வேதாந்தம் ஒன்றும் சொல்வதில்லை. இப்படி ஒரு வேலையை இழக்க அவள் தயாராக இல்லை.

"என்னம்மா, பேய் யாரு?"

"நீங்க யாரை நினைக்கிறீங்க சார்?"

"நான் சொல்றது இருக்கட்டும். நீ சொல்லு."

ஹாஸ்டல் என்றால் வார்டன் இல்லாமலா இருப்பார்? சந்திரிகா துணிந்தாள். "எனக்கு... வார்டன் மேலதான் சார் சந்தேகம்."

வேதாந்தம் மேஜையைத் தட்டினார். "வார்டன்! அதேதான்! எப்படிக் கண்டுபிடிச்சே? விவரமாச் சொல்லு."

"அவரு ராகு காலத்துல மட்டும் ரூமை விட்டு வெளிய வரவே மாட்டாரு. கவனிச்சீங்களா?"

"கவனிக்காம என்ன!"

தப்பித்தாள். ஆனால் சொன்னது சொன்னதுதான். அன்று சாயங்காலமே மேஜையில் முதல் அட்டை ஏறியது, பஞ்சாங்கத்தின் மேல்: 'வார்டன் ஏன் ராகு காலத்தில் வெளியே வருவதில்லை? விடை இதில்!'

இப்படியே போனால் மாட்டிக்கொள்வோம் என்று தோழி ரூபீனாவுக்கு ஃபோன் போட்டாள். தொடரைக் கரைத்துக் குடித்தவள் ரூபீனா.

"மச்சி, கதையைச் சுருக்கமா சொல்லேன்."

"சுருக்கமாவா? பைத்தியமாடி நீ? அதைச் சொன்னா த்ரில்லே போயிடும். உன் நல்லதுக்குத்தான் சொல்றேன், நீயே பாரு."

"வேலை போயிடும்டி!"

"போனா வேற வேலை கிடைக்கும். அந்தக் கடைசி எபிசோடை முதல் தடவை பாக்குற சான்ஸ் மறுபடி கிடைக்குமா?"

சரி, பார்த்தே விடுவோம் என்று உட்கார்ந்தாள். நாள் முழுக்க நின்ற கால். பேருந்தில் அடையாறு வரை தொங்கிய கை. தொடரின் ஆரம்ப இசை மெதுவாக எழுந்தது. கண்ணைத் திறந்தால் விடிந்திருந்தது. மறுநாளும் அதே கதை. ஊரே தூக்கம் கெட்டுப் புலம்புகிற தொடர், அவளை மட்டும் தாலாட்டித் தூங்கவைத்தது.

வேறு வழியில்லை. கற்பனைதான்.

'சமையல்காரர் ரசத்தில் எதைக் கலந்தார்?' என்று மூலிகைப் புத்தகத்தின் மேல் எழுதினாள். 'மொட்டைமாடியில் அன்று நடந்தது இதைவிடப் பயங்கரமா?' என்று பரணில் கிடந்த ஒரு மர்ம நாவலின் மேல் எழுதினாள். நாவல் மட்டும் நிஜமாகவே நல்ல நாவல். அவள் நாலைந்து தடவை படித்தது.

வேதாந்தம் தினமும் சாயங்காலம் காபி டம்ளரோடு வந்து அட்டைகளைப் படிப்பார். பிறகு கேள்வி வரும். "சமையல்காரன் அதுக்கப்புறம் என்ன ஆனான்? சொல்லு பார்க்கலாம்." சந்திரிகா வாய்க்கு வந்த எதையாவது சொல்வாள். "கரெக்ட்!" என்பார். ஒரு நாளும் 'தப்பு' என்று சொன்னதில்லை.

'எப்படி எல்லாமே சரியாகிறது?' என்று அவளுக்கே ஆச்சரியம். கபாலி கோயில் கோபுரத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

ஒருநாள் அவர் நெற்றியைச் சுருக்கினார். "எல்லாம் எழுதினே. வார்டனோட ஆம்படையாளை விட்டுட்டியே?"

சந்திரிகாவுக்குப் பகீரென்றது. வார்டனுக்கு மனைவி இருக்கிறாளா!

"அவங்களை எப்படி சார் மறப்பேன்? கடைசியா எழுதலாம்னு வெச்சிருந்தேன்."

"அவதானே முக்கியம்! ராத்திரி கொலுசுச் சத்தம் கேக்குமே..."

"ஆமா ஆமா, கொலுசு!"

எழுதினாள். 'வார்டனின் மனைவியின் கொலுசில் ஒரு மணி குறைவது ஏன்?' ஆவிக் கதைத் தொகுப்பு ஒன்றின் மேல் அந்த அட்டை உட்கார்ந்தது.

விபரீதம் அங்கேதான் ஆரம்பித்தது.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் ஜுவேரியா வந்தாள். ஒன்பதாம் வகுப்பு. வட்டாரத்துப் பூஜ்யம் நம்பர் அறை ரசிகர் கூட்டத்துக்குத் தலைவி. அட்டைகளை ஒவ்வொன்றாகப் படித்தாள். கொலுசு அட்டை வந்ததும் பையைக் கீழே போட்டாள்.

"அக்கா! வார்டனுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

சந்திரிகா அவசரமாக மேஜைப் புத்தகங்களை அடுக்க ஆரம்பித்தாள்.

"தொடர்ல எங்கயுமே அது வரலையே! ராகு காலம், ரசம் எதுவும் வரலையே!" ஜுவேரியாவின் கண்கள் அகன்றன. குரல் தாழ்ந்தது. "அப்ப இது... ரெண்டாவது சீசன்! உங்க கடைக்கு மட்டும் எப்படிக்கா தெரிஞ்சது?"

'இல்லை' என்று சொல்ல வாயெடுத்தாள் சந்திரிகா. காதுக்குள் 'டர்ர்ர்' என்று மெஷின் ஓடியது. வாயை மூடிக்கொண்டாள்.

அந்த மௌனம் போதாதா? அடுத்த நாள் வாசலில் சைக்கிள் நிறுத்த இடமில்லை. அட்டைகளைப் படம் எடுத்தார்கள். புத்தகங்களை அள்ளிக்கொண்டு போனார்கள். பஞ்சாங்கம் தீர்ந்தது. பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் ராகு காலம் பார்த்துத்தான் டியூஷன் போவேன் என்று வீட்டில் அடம் பிடிப்பதாக அவன் அம்மா வந்து முறையிட்டாள்.

"அங்கிள், டைரக்டர் உங்களுக்குச் சொந்தமா?" என்று பிள்ளைகள் வேதாந்தத்தை மொய்த்தார்கள்.

"அதெல்லாம் சொல்லப்படாது" என்று புன்னகைத்தார் அவர்.

சந்திரிகா அசந்துபோனாள். 'ரசிகர்களுக்கே தெரியாததெல்லாம் இவருக்குத் தெரிந்திருக்கிறது! நாலு தடவை பார்த்த கண்ணல்லவா? நான் விட்ட புளுகில் ஒன்று இடறினாலும் இவர் பிடித்துவிடுவார்.'

பயத்தோடு பயமாக அடுத்த இடியும் இறங்கியது.

"சனிக்கிழமை சாயங்காலம் நம்ம கடையில ரசிகர் சந்திப்பு!" என்று அறிவித்தார் வேதாந்தம். "எல்லாருக்கும் சுண்டல். ஆத்துல சொல்லிட்டேன்."

"நீங்கதானே சார் பேசுவீங்க?"

"நானா? எனக்குத் தொண்டை கட்டிண்டிருக்கு. நீயே பேசிடு."

சனிக்கிழமை கடைக்குள் ஈ நுழைய இடமில்லை. புத்தக அலமாரிகளுக்கு இடையே பிள்ளைகள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். வேதாந்தத்தின் மனைவி ஜெயலக்ஷ்மி மாமி பெரிய தூக்கில் பட்டாணிச் சுண்டலோடு வந்து கல்லாவுக்குப் பக்கத்தில் நின்றாள். கடைக்கு அவள் வருவது அபூர்வம்.

ஜுவேரியா எழுந்தாள். "அக்கா, ஒரே கேள்வி. பாடுறது யாரு? வார்டனா, வார்டன் வைஃபா?"

"அதை... சார் சொன்னாத்தான் நல்லா இருக்கும்."

"சேச்சே! நீயே சொல்லும்மா."

"பெரியவங்க நீங்க இருக்கும்போது—"

"தொண்டை!" என்று கழுத்தைப் பிடித்துக்கொண்டார் வேதாந்தம்.

அத்தனை கண்களும் அவள் மேல். ஜுவேரியா ஃபோனை நீட்டிப் பதிவுக்குத் தயாரானாள். இது ஊரெல்லாம் போகும். நிஜமான கதை வரும் நாளில் இந்தப் பிள்ளைகள் அத்தனை பேர் முகமும் வாடும். ஜவுளிக் கடையில் வாயைத் திறக்கவைத்த அதே உறுத்தல் நெஞ்சில் எழும்பியது. பாத்திரக் கடையா? இருக்கட்டும்.

"யாரு பாடுறாங்கன்னு எனக்குத் தெரியாது" என்றாள் சந்திரிகா. "நான் அந்தத் தொடரைப் பாத்ததே இல்ல. போட்டா தூங்கிடுவேன். அட்டையில எழுதினதெல்லாம் நானா விட்ட கதை. வார்டன் மனைவி மட்டும் நிஜம். அது சார் சொன்னது."

கடையில் சுண்டல் மெல்லும் சத்தம்கூட நின்றது.

"அங்கிள், அது மட்டும் நிஜமா?" என்றான் ஒருவன்.

வேதாந்தத்துக்கு இருமல் பொத்துக்கொண்டு வந்தது.

ஜுவேரியா ஃபோனை மெதுவாகக் கீழே இறக்கினாள். "அப்ப... அந்த மொட்டைமாடி புக்?"

"அது மட்டும் நான் நிஜமாவே படிச்சது. ரொம்பப் பிடிச்சுத்தான் வெச்சேன். மன்னிச்சுக்கோங்க."

"நைட்டு ஃபுல்லா அதைத்தான் படிச்சேன்" என்றாள் ஜுவேரியா. குரலில் கோபம் இருந்தது. ஆனால் வேறு விதமான கோபம். "எங்கம்மா லைட்டை ஆஃப் பண்ணிட்டாங்க, பாத்ரூம்ல உக்காந்து முடிச்சேன். தொடர் முடிஞ்சதுலேருந்து எனக்கு எதுவுமே பிடிக்கல தெரியுமா? அந்த புக்தான்..." அவள் தோளைக் குலுக்கினாள். "தேங்ஸ்க்கா. அந்த மாதிரி வேற இருக்கா?"

"பரண் பூரா இருக்கு!"

"எடுங்க!"

அரைமணி நேரத்தில் பரண் காலி. போகும்போது ஒரு பெண் சந்திரிகாவின் கையில் ஒரு சாக்லேட்டைத் திணித்துவிட்டு ஓடினாள்.

கூட்டம் கலைந்ததும் அவள் கைப்பையை மாட்டிக்கொண்டு வேதாந்தத்தின் முன்னால் போய் நின்றாள்.

"நான் கிளம்பறேன் சார். உங்களை ஏமாத்திட்டேன்."

வேதாந்தம் கூரையைப் பார்த்தார். தொண்டை அதற்குள் சரியாகிவிட்டிருந்தது. "ஒரு உண்மையான ரசிகனா எனக்கு மனசு நொந்துதான் போச்சு. நாலு தடவை பார்த்தவன்கிட்டயே புளுகியிருக்கே. ஆனாலும் இத்தனை குழந்தைகளைப் படிக்க வெச்சுட்டே. மன்னிச்சுட்டேன். திங்கட்கிழமை வழக்கம்போல வந்துடு."

சந்திரிகாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. எவ்வளவு பெரிய மனசு! "இந்த உதவியை உயிர் உள்ளவரைக்கும் மறக்க மாட்டேன் சார்" என்று கைகூப்பினாள்.

காலித் தூக்கை மூடிக்கொண்டிருந்த ஜெயலக்ஷ்மி மாமி நிமிர்ந்து, கவலையோடு கணவரைப் பார்த்தாள்.

"ஏன்னா, தினமும் இந்தப் பொண்ணுகிட்டக் கதை கேட்டுண்டு வந்துதானே ராத்திரி எனக்குச் சொன்னேள்? இனிமே நிஜக் கதையை நாம ரெண்டு பேரும் யாரைக் கேக்கறது?"