குலுக்காதே பேராசிரியர்

உலகில் திடப்பொருளும் உண்டு, திரவமும் உண்டு. இரண்டிலும் சேராமல், நில் என்றால் வழிந்து, வா என்றால் நிற்கும் இரண்டுங்கெட்டான்களும் உண்டு: பற்பசை, ஷாம்பு, சாஸ், பெயின்ட், சவர நுரை. இவற்றையே ஆராய்ந்து ஆராய்ந்து, நாளடைவில் இவற்றைப் போலவே ஆகிவிடும் பொறியியல் பேராசிரியர் என்றோர் இனமும் உண்டு. பார்த்ததில்லையா? ஹோட்டலில் சாஸ் பாட்டிலைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு, எதிரே பசியோடு உட்கார்ந்திருப்பவரிடம் "தட்டாதீங்க, அதுவா வரும்" என்பாரே, அவர்தான். வராது. வராததில்தான் அவருக்குச் சந்தோஷம்.

நான் அறிந்தவருக்கு மாணவர்கள் வைத்த பெயர் 'குலுக்காதே'. ஆய்வகத்தில் அவர் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தையும் கடைசி வார்த்தையும் அதுதான். கதவை ஓங்கிச் சாத்தக் கூடாது, மேசையில் சாயக் கூடாது, தும்மல் வந்தால் வராந்தாவுக்கு ஓட வேண்டும். ஆய்வகத்தோடு விட்டாரா? மகளின் காய்ச்சல் மருந்தை வீட்டு அலமாரியில் நிறுத்தி, அடியில் வெள்ளையாக வண்டல் படிவதையும், மேலே தெளிவதையும், நடுவிலுள்ள கோடு ஏனோ நாளுக்கு நாள் மெதுவாகிக்கொண்டே இறங்குவதையும் ஒரு மாதமாகப் படம்பிடித்து வந்தார்.

ஒரு மாலை மகளுக்கு உடம்பு அனலாய்க் கொதித்தது. மனைவி பாட்டிலை எடுத்தார்.

"ஐயோ, குலுக்காதே. ஒரு மாச வேலை."

"குழந்தை துவண்டு கிடக்கா, தெரியலையா?"

"குலுக்காமலே ஒரு ஸ்பூன் குடேன்."

"மருந்தெல்லாம் அடியில படுத்திருக்கு, மேல வெறும் தண்ணிதான்னு வந்தவங்க போனவங்களுக்கெல்லாம் வகுப்பு எடுத்தது யாரு? உங்க அப்பாவா?"

பேராசிரியர் அசடு வழிந்தார். "சரி. கடைசியா ஒரு போட்டோ மட்டும்..."

மனைவி குலுக்கினார். கல்யாணமான நாளிலிருந்து சேர்ந்த வண்டலெல்லாம் கலங்கும்படி குலுக்கினார். ஸ்பூனில் ஊற்றி நீட்டினார். மகள் வாயைத் திறந்தாள். ஸ்பூனுக்கும் வாய்க்கும் நடுவே ஒரு வழுக்கைத் தலை வந்து நின்றது.

"அந்தச் சொட்டு எப்படி நூலாத் தொங்குது பாரேன்."

"அப்பா," என்றாள் மகள், "வாய் வலிக்குது."

சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால், அந்தக் கோடு ஏன் மெதுவாகிக்கொண்டே இறங்கியது என்று நான் சொல்லாமல் விட்டது உங்களுக்குள் கொஞ்சம் அரிக்கிறது, இல்லையா? முதலில் நீங்கள் கேட்டிருக்க வேண்டியது, காய்ச்சல் இறங்கியதா என்று.

இறங்கிவிட்டது.