தேங்காய்ப் பல்லும் என் மகனும்

பதினொரு மாதக் குழந்தைக்குத் தன் அம்மா யார் என்று உண்மையிலேயே தெரியுமா? நான்கு வருடமாக யோசிக்கிறேன். இன்னும் விடை கிடைக்கவில்லை.

நான் பள்ளியிறுதி வரை படித்தவள். மகன் பால் குடித்த நேரத்தை நோட்டில் எழுதி, அவன் தும்மினால் அதையும் ஓரத்தில் குறித்து வைத்தவள். அப்படிப்பட்டவள் பேய் வேஷம் போட ஏன் சம்மதித்தாள் என்று கேட்காதீர்கள். (முடி நீளம் என்று புகழ்ந்தார்கள். விழுந்துவிட்டேன்.)

சிநேகிதி தங்கத்தின் கணவர் கொழும்பிலிருந்து விடுமுறையில் வந்தபோது, சாவி கொடுத்தால் ஓடும் சின்ன சினிமாக் கேமரா ஒன்று கொண்டுவந்திருந்தார். பிலிம் ஒரே சுருள். மூன்று நிமிஷம் ஓடும், பேசாது. ஆசிரியை ரோசம்மா கதை எழுதினாள். பேய்ப் படம்தான், ஆனால் சிரிப்பு வரவேண்டுமாம். பனை மரத்தடியில் நிற்கும் யட்சி, வழியில் போகிற பெரிய மனிதரிடம் யட்சிக் கதைகளில் வருவதுபோல வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்பாள். அவர் வெற்றிலை போடாதவர், மூக்குப்பொடியை நீட்டுவார். யட்சி தும்முகிற தும்மலில் கோரைப்பல் இரண்டும் உதிர்ந்துவிடும்.

பெரிய மனிதரும் ரோசம்மாதான், அடுப்புக்கரியில் மீசை. எனக்கு முகமெல்லாம் அரிசிமாவு, கண்ணைச் சுற்றி மை, பல்லுக்குத் தேங்காய்க் கீற்று. இருட்டு பிலிமில் விழாது என்று தங்கம் சொல்லிவிட்டதால், சுசீந்திரம் வயல் நடுவே உச்சி வெயிலில் பேய் வியர்த்து ஒழுகிக்கொண்டு நின்றது.

மகனை நாத்தனார் செல்லத்திடம் விட்டிருந்தேன். "பாலுக்கு அழுதா ஆளனுப்பு. நீ தூக்கிட்டு வந்திராத, பிள்ளை பயந்துரும்" என்று நான்கு முறை சொன்னேன். (நான்கு முறை சொன்னதால்தான் காதில் ஏறவில்லையோ என்னவோ.)

கேமரா ஓட ஆரம்பித்தது. ரோசம்மா பொடி டப்பியைத் திறந்தாள். அப்போது பார்த்து வரப்பில் செல்லம், அவள் இடுப்பில் என் மகன்!

"மைனி! பிள்ளை அழுகைய நிறுத்த மாட்டேங்கான்!"

"வராதட்டி! திரும்பிப் போ!" என்று கத்தினேன். ஒரு பல் தெறித்தது. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு ஓட்டம் பிடித்தேன். செல்லம் விடாமல் துரத்தினாள்.

"ஏட்டி, நீயில்லா என்னை விரட்டணும்! எங்க ஓடுக?" என்றாள் ரோசம்மா.

"பிலிம் ஓடுது மக்கா, நில்லு!" என்று தங்கம் கேமராவோடு பின்னால் வந்தாள்.

சேற்றில் வழுக்கி விழுந்தேன். முந்தானை விலகியது. மகன் நேருக்கு நேராகப் பார்த்தான். காய்ச்சல், ஜன்னி, மந்திரவாதி, மாமியார் என்று எல்லாம் வரிசையாக என் கண்முன் வந்து நின்றன.

சிரித்தான். கைகொட்டிச் சிரித்தான். மிச்சமிருந்த பல்லைப் பிடுங்கிச் சப்பத் தொடங்கினான்.

நிம்மதியாக வாய்க்காலில் முகம் கழுவிவிட்டு வந்து, "வா மக்ளே" என்று கை நீட்டினேன். அப்போதுதான் அலறினான்! செல்லத்தின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, முன்பின் தெரியாதவளைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தான்.

மாலைவரை என்னிடம் பால் குடிக்கவில்லை. நோட்டில் அந்த வரி காலி. எனக்கு அழுகை வந்துவிட்டது. செல்லம் மாவுச் சட்டியை நீட்டினாள்: "பூசிக்கிடுங்க மைனி. யாரு பாக்கப் போறா?"

பூசினேன். குடித்தான். மூன்று நாள் இப்படியே போனது. நடுவில் ஒருமுறை அறைக் கதவைத் திறந்த மாமியார், அப்படியே திரும்பச் சாத்திவிட்டுப் போனார்.

பிலிம் கழுவி வந்து வேட்டித் திரையில் ஓடியபோது பொடியும் இல்லை, தும்மலும் இல்லை. கைக்குழந்தையோடு ஒருத்தி துரத்த, பேய் உயிர் பிழைக்க ஓடுகிறது. தெருவே வயிற்றைப் பிடித்துக்கொண்டது. இன்றும் நான் மகனைக் கண்டித்தால், "மாவு பூசிட்டு வந்து ஏசு" என்கிறான். அதற்குச் சிரிக்கிற முதல் ஆள் என் கணவர்.

அடுத்த வாரம் அவனைப் பள்ளியில் சேர்க்கிறோம். முதல் நாள் "பேயம்மா"தான் கொண்டுவிட வேண்டுமாம், இல்லையென்றால் போகமாட்டானாம். மாட்டேன் என்று சொல்வதா, பூசிக்கொண்டு போவதா? பிள்ளை பெற்றவர்கள் யாராவது சொல்லுங்களேன். சீக்கிரம் சொன்னால் நல்லது. அரிசி ஊறப் போட வேண்டும்.