லிஃப்டுக்காக ஒரு மதச்சண்டை

அன்பிற்குரிய தம்பிக்கு,

அக்காவின் ஆசிகள். முழங்கால்கள் நீங்கலாக நான் நலம். இருமல் நீங்கலாக நீயும், சொல்பேச்சுக் கேளாமை நீங்கலாக உன் பிள்ளைகளும் நலமென்று நம்புகிறேன். உன் கடிதம் வந்தது. சந்திப்பிழைகளைச் சிவப்பு மையால் திருத்தி இத்துடன் இணைத்திருக்கிறேன். ஓய்வு பெற்ற பிறகாவது ஒற்று மிகும் இடங்களைக் கற்றுக்கொள்.

மாதக் கடைசிக்குள் எங்கள் கட்டடத்து லிஃப்ட் சரியாகாவிட்டால், வேன் எடுத்துக்கொண்டு வந்து என்னை உன் வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவதாக எழுதியிருக்கிறாய். துணி தேய்க்கும் மேசை போட்டிருக்கும் அறையை எனக்காக ஒழித்து வைத்திருக்கிறாயாம். நன்றி. ஆனால் இது உன் அத்தான் பார்த்துப் பார்த்து வாங்கிய வீடு. அவர் கண்மூடியதும் இங்கேதான். நாலாம் மாடியில் இருக்கிறேன், லிஃப்ட் ஓடவில்லை என்பதற்காக நான் யார் வீட்டிலும் இஸ்திரிப் பெட்டிக்கு அண்டை வீட்டுக்காரியாக இருக்க முடியாது. அதனால்தான் லிஃப்டைச் சரிசெய்ய நானே களத்தில் இறங்கினேன். அது எங்கே போய் முடிந்தது என்பதை நீ பொறுமையாகப் படிக்கவேண்டும்.

மத நல்லிணக்கத்துக்குப் பெயர்பெற்ற கட்டடம் எதுவோ, அதற்கு வேண்டிய பழுதுகளை நகராட்சியே பார்த்துத் தரும் என்று அறிவித்தார்கள். கேட்டதும் எனக்கு லிஃப்டே வந்து வாசலில் நின்றதுபோல் இருந்தது. எங்கள் கட்டடத்துக்கு என்ன குறை? முதல் மாடியில் கோயிலுக்குப் போகும் இன்சூரன்ஸ்காரர், இரண்டாம் மாடியில் பள்ளிவாசலுக்குப் போகும் மருந்துக்கடைக்காரர், மூன்றாம் மாடியில் சர்ச்சுக்குப் போகும் பல் டாக்டரம்மா. நாலாம் மாடியில், எல்லாரையும் திருத்துவதற்கு நான். இத்தனை வருடத்தில் இங்கே மதத்தின் பெயரால் ஒரு தும்மல்கூடக் கேட்டதில்லை. ஆனால் பார்வையிட வந்த அதிகாரி, மூச்சிரைக்க என் வீட்டுக்கு ஏறி வந்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுச் சொன்னார்: "அம்மா, இங்க நல்லிணக்கம்னு எதுவும் இல்லையே. நீங்க யாரும் சண்டையே போடலயாமே? சண்டை போட்டுச் சமாதானம் ஆனாத்தானே நல்லிணக்கம்? பக்கத்துத் தெருவுல மண்டை உடைஞ்சிருக்கு. அப்புறம் கட்டிப்பிடிச்சு அழுதிருக்காங்க. அவங்களுக்கு நல்ல மார்க் விழும். நீங்க வெறுமனே இருக்கீங்க. சனிக்கிழமை மறுபடி வர்றேன், எதாவது பண்ணி வைங்க."

அரசு அதிகாரியே சண்டை போடச் சொன்னபின் நாம் மறுப்பது மரியாதையில்லை. மூவரையும் என் வீட்டுக்கு வரவழைத்தேன். சண்டையை நானே எழுதினேன். லிஃப்ட் கதவுக்குப் பக்கத்துச் சுவரில் ஓர் ஆணி இருக்கிறது. அதில் கோயில் படம் மாட்டுவதா, பள்ளிவாசல் படம் மாட்டுவதா, மாதா படம் மாட்டுவதா என்பது வழக்கு. மூவரும் கத்தவேண்டும். கடைசியில் ஆணியையே பிடுங்கிப் போட்டுவிட்டுக் கைகுலுக்க வேண்டும். மூவருக்கும் பிடித்துவிட்டது. ஆனால் தன் சாமிக்காகப் பேசும்போது வாய்தவறி அடுத்தவர் மனம் புண்பட்டுவிட்டால் என்ன செய்வது என்று மூவரும் கவலைப்பட்டார்கள். அங்கேதான் நான் என் கான்வென்ட் மூளையைப் பயன்படுத்தினேன். எங்கள் கான்வென்ட்டின் தலைமை மதர் நாடகம் போடும்போது சண்டைக்காரிக்குச் சாதுவின் வேடத்தையும் சாதுவுக்குச் சண்டைக்காரியின் வேடத்தையும்தான் கொடுப்பார். ஆகவே ஆளை மாற்றிப்போட்டேன். இன்சூரன்ஸ்காரர் பள்ளிவாசலுக்காக வாதாடவேண்டும், மருந்துக்கடைக்காரர் சர்ச்சுக்காக, டாக்டரம்மா கோயிலுக்காக. யார் மனமும் புண்படாது பார், என்ன ஏற்பாடு!

ஒத்திகை தொடங்கியது. முதலில், "நீங்க மாட்டுங்க சார்", "சேச்சே, நீங்க மொதல்ல மாட்டுங்க" என்று கல்யாணப் பந்தி உபசாரம்போல் போய்க்கொண்டிருந்தது. நான் மேசையை ஸ்கேலால் தட்டினேன். உடனே இன்சூரன்ஸ்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது.

"எங்க பள்ளிவாசல் படத்த மாட்டலன்னா, என் பொணத்தத் தாண்டித்தான் லிஃப்டுல ஏறணும்!"

"லிஃப்டே ஓடலயே சார்," என்றார் டாக்டரம்மா.

"ஓடுறப்போ!"

டாக்டரம்மா சளைத்தவரா? "வாயத் தெறங்க. நல்லாத் தெறங்க. இப்பச் சொல்லுங்க, எங்க கோபுரம் இல்லாம இந்த வாசல் வாசலா?" என்று அவர் முகத்தருகே போய்க் கேட்டார். இன்சூரன்ஸ்காரர் வாயைத் திறந்தபடியே நின்றார், பாவம். மருந்துக்கடைக்காரர் முறை வந்தது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "மாதா படத்தையும்... காலைல ஒருவேளை, ராத்திரி ஒருவேளை, சாப்பாட்டுக்கு அப்புறம் மாட்டலாம்," என்றார்.

அவ்வளவுதான், டாக்டரம்மாவின் முகம் சிவந்துவிட்டது. "பாய், நான் சாரோட கோயிலுக்காகத் தொண்டை கிழியக் கத்துறேன். எங்க மாதாவுக்கு நீங்க மாத்திரை எழுதிக் குடுக்கிறீங்க. எங்க சர்ச்சுன்னா அவ்வளவு எளக்காரமா?"

"எங்க பள்ளிவாசலுக்கு மட்டும் என்ன வாழுதாம்? பிரீமியம் கட்டச் சொல்லி மிரட்டுற மாதிரிப் பேசுறாரு. எங்க ஆளுங்க யாரு இப்படிப் பேசுவா?" என்று பாய்ந்தார் மருந்துக்கடைக்காரர்.

"உங்க பள்ளிவாசலுக்காக உயிரையே குடுக்கிறேன்னு சொன்னேன் பாய்! அது மிரட்டலா?"

கதவை அறைந்துகொண்டு மூவரும் இறங்கிப் போனார்கள். அன்று முதல் பேச்சுவார்த்தை கிடையாது. ஆனால் தம்பி, ரோஷம் என்பது பெரிய வாத்தியார். மருந்துக்கடைக்காரர் கடையை மூடிவிட்டுப் போய்ச் சர்ச்சில் முதல் வரிசையில் உட்கார்ந்து பிரசங்கம் முழுவதும் கேட்டுவிட்டு வந்தார். டாக்டரம்மா, பல் காட்ட வந்த கோயில் குருக்களை நாற்காலியில் சாய்த்து, வாயில் பஞ்சை வைப்பதற்கு முன்பே கேட்கவேண்டியதையெல்லாம் கேட்டுக்கொண்டார். இன்சூரன்ஸ்காரர் பள்ளிவாசல் வாசலில் நின்று, வருகிறவர்களிடமெல்லாம் ஐயம் கேட்டுத் தெளிந்தார். அதில் இரண்டு பாலிசியும் பிடித்தார் என்று கேள்வி.

சனிக்கிழமை அதிகாரி வந்தார். சண்டை கீழே, லிஃப்ட் கதவருகே. நான் நாலாம் மாடிக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். ஆகா, என்ன சண்டை! நான் எழுதியதில் ஒரு வரியும் இல்லை. ஆனாலும் உச்சரிப்பு சுத்தமாக இருந்தது. மருந்துக்கடைக்காரர் மாதாவுக்காகக் கண்ணீரே விட்டார். அதிகாரி மகிழ்ச்சியாகக் குறித்துக்கொண்டே, "பிரமாதம். இப்ப சமாதானம் ஆகுங்க," என்றார். ஒருவரும் ஆணியைத் தொடவில்லை.

"பள்ளிவாசல் படத்த விட்டுக்குடுத்துட்டு, நாளைக்கு பாய் மூஞ்சியில எப்படிங்க முழிப்பேன்?" என்றார் இன்சூரன்ஸ்காரர்.

"நானே சொல்றேன், விட்டுடுங்க சார்," என்றார் மருந்துக்கடைக்காரர்.

"அதச் சொல்ல நீங்க யாரு? நீங்க சர்ச்சு!"

"சரி, சர்ச்சு சார்பாச் சொல்றேன், மாதா படம்தான் மாட்டணும். டாக்டரம்மா ஏற்கெனவே என்னைய நம்பல."

"நான் நம்புறேன் பாய். ஆனா கோயிலக் கைவிட மாட்டேன். சாரோட அம்மா என்னைய நம்பி விபூதி குடுத்தனுப்பியிருக்காங்க."

"இதுல யாரு என்ன மதம்?" என்று அதிகாரி கேட்டார். மூவரும் ஒரே நேரத்தில் மூன்று பதில் சொன்னார்கள். அவர் பேனாவை மூடும் சத்தம் எனக்கு நாலாம் மாடிவரை கேட்டது. அந்தச் சத்தத்தில் லிஃப்ட் போயிற்று, வீடு போயிற்று, உன் இஸ்திரிப் பெட்டி என் தலைமாட்டுக்கு வந்துவிட்டது. நான் கைத்தடியை எடுத்தேன். எப்படி இறங்கினேன் என்று கேட்காதே. கோபத்துக்கு முழங்கால் கிடையாது. நேராகப் போய் ஆணியைப் பிடித்து இழுத்தேன். சுவரின் பூச்சு அப்படி, பாதிச் சுவரும் சேர்ந்து வந்தது. "வெட்கமாக இல்லையா? கைகுலுக்குங்கள்!" என்றேன். மூவரும் குலுக்கினார்கள். அதிகாரியும் பயந்துபோய் என் கையைக் குலுக்கினார். அதன்பிறகுதான் கோபம் வடிந்து முழங்கால்கள் நினைவுக்கு வந்தன. காவலாளி போட்டுவிட்டுப் போயிருந்த நாற்காலியில் உட்கார்ந்தவள், உட்கார்ந்தவள்தான்.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு நாற்காலியோடு என்னைத் தூக்கினார்கள். நாற்காலிக்குக் கால் நான்கு. ஆகவே நாலாவது காலை அதிகாரி பிடிக்கவேண்டியதாயிற்று. "சர்ச்சு பக்கம் சாயுது, பாய்!" "கோயில் கொஞ்சம் எறக்கிப் பிடிங்க!" "பள்ளிவாசல், படியப் பாத்து!" என்று மாடிதோறும் சண்டை. நான் எந்தச் சாமியைக் கும்பிடுவது என்று தெரியாமல் மூன்றையும் கும்பிட்டேன். பாதி வழியில் அதிகாரி, "நகராட்சிக்குத் தோள் விட்டுப்போச்சு," என்று முனகினார்.

மேலே வந்து மூச்சு வாங்கியதும் அவர் தீர்ப்பைச் சொன்னார். எங்கள் கட்டடத்துக்கே முதல் பரிசு. இப்படிச் சண்டை போட்டுக்கொண்டே பெரியவர்களைச் சுமக்கும் ஒற்றுமையை அவர் எங்குமே கண்டதில்லையாம். ஆகவே இதைக் கண்போல் காக்கவேண்டுமாம். "லிஃப்ட் ஓடிச்சுன்னா யாரு யாரத் தூக்கப் போறாங்க? நல்லிணக்கம் கெட்டுடும். அதனால லிஃப்டத் தொடவேண்டாம்னு சிபாரிசு பண்றேன்," என்றார். பரிசாக, கைப்பிடி வைத்த தூக்குநாற்காலி ஒன்று நேற்று வந்து சேர்ந்தது. மெத்தை நன்றாகத்தான் இருக்கிறது.

தம்பி, நான் தோற்றுவிட்டேன். லிஃப்ட் இனி ஓடாது. மூட்டைபோல் ஏற்றி இறக்கப்பட்டு வாழ்வது என் வளர்ப்புக்குப் பொருந்தாது. ஞாயிற்றுக்கிழமை வேனோடு வா. பெட்டி கட்டிவிட்டேன். துணி தேய்க்கும் மேசையைச் சுவரோரமாக ஒதுக்கி வை. உன் மனைவிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு ஆசிகள், உனக்கு நல்ல இலக்கணம் வாய்க்கட்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா

பின்குறிப்பு: வேன் வேண்டாம். நான் போகும் செய்தியைச் சொன்னதும் மூவரும் ஒன்றாக மேலே வந்துவிட்டார்கள். ஏற்றுவதற்கு மட்டும்தான் தூக்குவார்களாம், ஊரைவிட்டுப் போவதற்கு இறக்கமாட்டார்களாம். "எறக்குறது பாலிசியிலயே இல்லம்மா," என்கிறார் இன்சூரன்ஸ்காரர். மற்ற இருவரும் தலையாட்டுகிறார்கள். இத்தனை நாளில் இதில்தான் மூவருக்கும் ஒத்துப்போயிருக்கிறது. அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. புடவைகள் கசங்கிவிடுமே என்பதற்காக மட்டும் பெட்டியைப் பிரித்து அலமாரியில் அடுக்கிவிட்டேன். ஆனால் அதிகாரி தினமும் வரமாட்டார் அல்லவா? நாற்காலிக்கு ஓர் ஆள் குறைகிறது. ஆகவே நீயே உன் பெட்டியை எடுத்துக்கொண்டு இங்கே வந்துவிடு. அத்தானின் அறையை ஒழித்துவிட்டேன். இடது பின்பக்கக் கைப்பிடி உன்னுடையது.