கடன் போன பி.டி. பீரியட்

பெங்களூரில் உட்கார்ந்தே தேய்ந்துபோகிற ஜனங்களை எழுப்பி நிறுத்துவதற்கென்று ஆண்டவன் ஒருவரை அனுப்பினான் என்றால், அது எங்கள் விசில் மேடம்தான். இந்த ஊரில் போலீஸ்காரர் விசில் அடித்தால் ஓர் ஆட்டோகூட நிற்காது. மேடம் அடித்தால் எங்கள் கட்டிடத்து லிஃப்டே பயந்து நின்றுவிடும். அவருக்கு ஒரு நிஜப் பெயர் இருந்திருக்க வேண்டும். நாங்கள் யாரும் அதைக் கேட்டுக்கொள்ளவில்லை.

எங்கள் ஆபீஸ் லிங்கராஜபுரத்தில், ஒரு மெத்தைக் கடைக்கு மேலே மூன்றாவது மாடி. வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளின் பில்களைச் சரிபார்த்து கம்ப்யூட்டரில் ஏற்றுகிற வேலை. கீழே மெத்தைகள், மேலே நாங்கள். பெரிய வித்தியாசம் கிடையாது. மெத்தைகளாவது அவ்வப்போது டெம்போவில் ஏறி வெளியே போய்வரும்.

முதலாளி டேனியல் சார் ரிச்சர்ட்ஸ் டவுன்காரர். தங்கமான மனிதர், கிறிஸ்துமஸுக்கு ஆளுக்கொரு பிளம் கேக் தருவார். ஆனால் நாற்காலி காலியாக இருந்தால் கம்பெனி காலி என்று ஒரு நம்பிக்கை அவருக்கு. கண்ணாடி அறையில் உட்கார்ந்து நாற்காலிகளையே பார்த்துக்கொண்டிருப்பார். நாங்கள் டீக்கும் டாய்லெட்டுக்கும் எழுந்து போவது பொறுக்காமல், பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சராக இருந்து ரிட்டயர் ஆன ஒரு அம்மாவை சூப்பர்வைசராகக் கொண்டுவந்தார். யாரும் சீட்டை விட்டு எழுந்திருக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் வேலை.

முதல் நாள் மேடம் பருத்திப் புடவை, வெள்ளை கேன்வாஸ் ஷூ, கழுத்தில் விசிலோடு வந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மதியம் வரை வரிசை வரிசையாக நடந்து எங்கள் முதுகுகளைப் பார்த்தார். சரியாக நாலு மணிக்கு விசில் கிளம்பியது, கூடவே கன்னடமும் தமிழும்.

"எத்தேளி! எல்லாரும் எந்திரிங்க!"

தீ விபத்து என்று நினைத்து டிபன் பாக்ஸோடு படிக்கட்டுக்கு ஓடியவர்கள் உண்டு. டேனியல் சார் லேப்டாப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வெளியே வந்தார்.

"என்ன மேடம் இது? நான் டிசிப்ளின்தானே கேட்டேன்?"

"இதான் சார் டிசிப்ளின். டிசிப்ளின்னா ஃபர்ஸ்ட் அட்டென்ஷன். அட்டென்ஷன உக்காந்துக்கிட்டா செய்வாங்க?"

மேடம் பேசி முடிப்பதற்குள் சாருடைய குதிகால்கள் தாமாக ஒட்டிக்கொண்டதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம்.

அன்றிலிருந்து தினமும் நாலு மணிக்குக் கீழே பார்க்கிங்கில் பி.டி. பீரியட். கை கால் நீட்டல், பிறகு த்ரோபால். என் கதை தனி. நாற்காலியின் இரண்டு கைகளுக்கும் நடுவில் நான் அப்படிப் பொருந்தியிருந்தேன், எழுந்தால் அதுவும் கூடவே வரும். மேடம் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "பிரதர், எந்திரிக்கிறது நீங்களா, சேரா? யாராவது ஒருத்தர் டிசைட் பண்ணுங்க."

ஒருநாள் நான் எறிந்த பந்து மதிலைத் தாண்டி, போய்க்கொண்டிருந்த பஸ்ஸின் ஜன்னலுக்குள் விழுந்தது. மேடம் புடவையைச் சொருகிக்கொண்டு துரத்தி, அடுத்த ஸ்டாப்பில் பஸ்ஸைப் பிடித்துவிட்டார். லிங்கராஜபுரம் டிராஃபிக்கில் பஸ்ஸைப் பிடிப்பது சாதனையே இல்லை. ஆனால் பந்தைக் கேட்ச் பிடிக்காததற்குக் கண்டக்டரைத் திட்டிவிட்டு வந்தார் பாருங்கள், அதற்குத்தான் ஒரு தைரியம் வேண்டும்.

இரண்டே மாதத்தில் ஆபீஸில் தைல வாசனை போய்விட்டது. கழுத்து வலிக்கு மாட்டுகிற பட்டைகள் டிராயருக்குள் போயின. இடுப்பு வலி என்று லீவு கேட்டு வருகிற போன்கள் நின்றன. சாயங்காலம் ஆனால் ஆண் நோயாளிக்குப் பிரசவ அறை வாடகை போட்டுவிடுகிற எங்கள் பழைய வழக்கமும் நின்றது. டேனியல் சார் வாய் திறந்து பாராட்டவில்லை, ஆனால் நாலு மணிக்குக் காலி நாற்காலிகளைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதை நிறுத்திவிட்டார்.

"ஏன் மேடம், நிம்மதியா வீட்ல ரெஸ்ட் எடுக்கலாம்ல?" என்று ஒருநாள் கிண்டலாகத்தான் கேட்டேன்.

"ஸ்கூல்ல என் பீரியட் எனக்கு எங்க பிரதர் கிடைச்சுது? போர்ஷன் முடியலன்னு மேத்ஸ் மிஸ் வருவாங்க. 'இன்னிக்கு ஒரு நாள் மட்டும் மேடம்'னு சிரிச்சுக்கிட்டே கேப்பாங்க. நானும் குடுத்துடுவேன். பசங்க ஷூவெல்லாம் மாட்டிக்கிட்டு லைன்ல நிப்பாங்க. அப்படியே திரும்பி கிளாஸுக்குப் போவாங்க. நான் ரிட்டயர் ஆகுற வரைக்கும் ஒருத்தரும் ஒரு பீரியட்கூட திருப்பித் தரல." எங்கள் எல்லோர் பக்கமும் கையைக் காட்டினார். "அந்தப் பசங்கதான் நீங்க எல்லாம். இப்ப இடுப்பப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்க."

எனக்கு அதன் பிறகு கிண்டல் வரவில்லை.

பிறகு அந்தப் புதன்கிழமை வந்தது. எங்களுக்கு வேலை கொடுக்கும் வெளிநாட்டு அம்மணி, கான்ட்ராக்டைப் புதுப்பிக்கும் முன் நாங்கள் வேலை செய்வதை வீடியோவில் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். நேரம், நாலு மணி. மூன்றே முக்காலுக்கு டேனியல் சார் சிரித்துக்கொண்டே மேடத்திடம் வந்தார்.

"மேடம், இன்னிக்கு ஒரு நாள் மட்டும் அந்த பீரியட எனக்குக் குடுத்துடுங்க."

மேடத்தின் முகம் மாறியது. மேத்ஸ் மிஸ் வந்துவிட்டார் என்று எனக்குப் புரிந்தது.

"முடியாது சார்."

"கான்ட்ராக்ட் போச்சுன்னா எல்லாருக்கும்தான் கஷ்டம். விசில் அடிச்சீங்கன்னா நாளைக்கு வர வேணாம் மேடம், சொல்லிட்டேன்."

மேடம் விசிலைக் கழற்றி அவர் கையில் வைத்தார். "அடிக்கல சார். நாளைக்கும் வரல. ஆனா நான் பீரியட குடுத்தேன்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லாதீங்க." கைப்பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார்.

நாலு மணி. பெரிய டிவியில் அம்மணியின் முகம். எனக்கு வீட்டு லோன் இருந்தது, அசையவே கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் எழுந்துவிட்டேன். பழக்கமா ரோஷமா, இன்றுவரை எனக்குத் தெரியாது. நாற்காலி என்னோடு வரவில்லை. திரும்பிப் பார்த்தால் மொத்த ஆபீஸும் கையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நிற்கிறது.

"என்ன நடக்கிறது அங்கே?" என்று அம்மணி ஆங்கிலத்தில் கேட்டார்.

ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற டேனியல் சார், புதன்கிழமை என்ற தைரியத்தில் ஒரு பொய் சொன்னார். "எங்கள் கம்பெனி பாலிசி மேடம். நான்தான் கொண்டுவந்தேன்."

அம்மணி தன் பிடரியைத் தடவிக்கொண்டு எங்களைப் பார்த்தார். பிறகு அவரும் எழுந்து கையைத் தூக்கினார். டிவியில் அவர் தலை மறைந்து வயிறு மட்டும் தெரிந்தது. கான்ட்ராக்ட் பிழைத்தது.

சார் லிஃப்டுக்குக் காத்திருக்கவில்லை. விசிலோடு படிகளில் ஓடினார், நானும் பின்னாலேயே ஓடினேன். நான் ஓடினேன் என்பதையே எங்கள் வீட்டில் இன்னும் நம்பவில்லை. மேடம் பஸ் ஸ்டாப்பில் பெஞ்ச் காலியாக இருந்தும் உட்காராமல் நின்றுகொண்டிருந்தார்.

"மேடம், பீரியட் ஆரம்பிச்சிடுச்சு," சாருக்கு மூச்சு வாங்கியது. "டீச்சர் இல்லாம பசங்க சத்தம் போடறாங்க."

மேடம் அவர் காலைப் பார்த்தார். "லெதர் ஷூவா? நாளைக்கு கேன்வாஸ் போட்டுட்டு வாங்க சார்," என்று சொல்லி விசிலை வாங்கிக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. வெயில் என்றார்.

இப்போது நான் ரிங் ரோட்டில் ஒரு பெரிய கம்பெனியில் இருக்கிறேன். ஒரு மாடி முழுக்க ஜிம் உண்டு, அதற்குள் யாரும் போவதற்கு நேரம் விடாமல் மீட்டிங்கும் உண்டு. என் மேனேஜர் சின்னப் பையன், நல்லவன். அடிக்கடி சிரித்துக்கொண்டே வருவான்: "சார், இன்னிக்கு ஒரு நாள் மட்டும், நாலு மணிக்கு ஒரு சின்ன கால்..."

"அது என் பீரியட் இல்லப்பா, எங்க மேடத்தோடது," என்று சொல்லிவிட்டுக் குனிந்து ஷூ லேஸைக் கட்டிக்கொள்கிறேன்.