மைனர் அங்கிளின் தங்க வயல்

மெல்பர்ன் மண்ணுக்குள் புதைந்து கிடந்த பியர் டப்பா மூடிகளில் சரிபாதியை வெளியே எடுத்தவர் மைனர் அங்கிள்தான் என்று எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சூடம் அணைத்துச் சத்தியம் செய்வேன். மீதிப் பாதி இன்னும் உள்ளேயே கிடப்பதற்கு ஒரே காரணம் அவருடைய முழங்கால் வலி.

விக்டோரியா மாநிலத்தில் பொன் தேடுகிறவர்களுக்கு அரசாங்கம் ஓர் அனுமதிச் சீட்டு தருகிறது. அதற்கு மைனர்ஸ் ரைட், அதாவது சுரங்கக்காரர் உரிமை, என்று பெயர். அங்கிள் அதை லேமினேட் செய்து கழுத்தில் மாட்டியிருப்பார். 2011இல் நானும் என் மனைவி கலாவும் கிரான்பர்னில் அவருக்குப் பக்கத்து வீட்டில் வாடகைக்குப் போன அன்று, வேலிக்கு மேல் தலையை நீட்டி, "தம்பி, நான் லைசென்ஸ் எடுத்த மைனர்" என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார். எங்கள் கும்பகோணம் பக்கத்தில் மைனர் என்றால் சில்க் ஜிப்பா, செண்டு வாசனை, ஊர்ப் பெண்கள் பின்னால் சுற்றுவது. இந்த நாட்டில் அதற்கு லைசென்ஸ் வேறு கொடுக்கிறார்களா என்று நான் விழித்தேன். கலா உள்ளே போய் ஜன்னல் திரையை இழுத்துவிட்டாள்.

ஆள் பரம சாது. யாழ்ப்பாணத்துக்காரர். பிஸ்கட் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பாக்கெட்டுகளில் இரும்புத்தூள் கலந்திருக்கிறதா என்று சோதிக்கும் மெட்டல் டிடெக்டருக்குப் பக்கத்தில் வருஷக்கணக்காக நின்றிருக்கிறார். "ஒரு நாளாவது அது கத்தினதெண்டு இல்லை, தம்பி. அவ்வளவு சுத்தமான பிஸ்கட்" என்று பெருமூச்சு விடுவார். அந்த ஏக்கம்தான் மனிதரை இப்படி ஆக்கிவிட்டது. ஓய்வு பெற்ற மறுவாரமே சொந்தமாக ஒரு டிடெக்டர் வாங்கிவிட்டார்.

அதன் பிறகு அது கத்தாத நாளே கிடையாது. தமிழ்ச் சங்கத்தின் தீபாவளி விருந்துக்கு அதைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து, பெண்கள் வரிசை முன்னால் நின்று விளக்கம் கொடுத்தார். தங்கத்துக்கு ஒரு சத்தம், வெள்ளிக்கு ஒரு சத்தம், தகரத்துக்கு ஒரு சத்தம். எல்லாருடைய கழுத்துக்கும் "பீப்" என்று இனிமையாகப் பாடிய கருவி, விழாத் தலைவரின் மனைவி போட்டிருந்த காசுமாலைக்கு முன்னால் மட்டும் "கர்ர்ர்" என்றது. அங்கிள் குமிழைத் திருகித் திருகிப் பார்த்துவிட்டு, "மிசின் சரி அம்மா, இது கவரிங்தான்" என்று கூடத்துக்கே கேட்கும்படி அறிவித்தார். அவருக்கு அதுதான் கடைசி அழைப்பிதழ்.

ஒருமுறை என்னையும் பழைய தங்கச் சுரங்க ஊரான பலராட்டுக்கு அழைத்துப்போனார். காடு மேடெல்லாம் சுற்ற வேண்டுமே என்று நான் புது பூட்ஸ் வாங்கியிருந்தேன். அன்று நான் நின்ற இடமெல்லாம் பொன்னாக விளைந்தது. "அசையாதேங்கோ தம்பி, உங்கட காலடியில பெரிசா ஒண்டு கிடக்கு" என்பார். நான் தள்ளி நிற்பேன், அவர் தோண்டுவார், ஒன்றும் இருக்காது. அது நகர்ந்துபோகிற தங்கமோ என்றுகூட அவருக்குச் சந்தேகம் வந்தது. பூட்ஸின் மூக்கில் இரும்புத் தகடு இருப்பது மாலையில் காருக்குள் ஏறும்போதுதான் தெரிந்தது.

அவருடைய மனைவி, நாங்கள் அன்ரி என்று கூப்பிடுகிறவர், பொறுமையின் சிகரம். அவருக்கே ஒருநாள் பொறுமை போய்விட்டது. "கராஜ் முழுக்கத் துருப்பிடிச்ச ஆணி. இந்த வருசத்துக்குள்ள ஒரு பொட்டுத் தங்கம் கண்ணில காட்டாட்டி மிசின் குப்பைக்குப் போகும்" என்று சொல்லிவிட்டார். அன்ரி சொன்னால் செய்கிறவர். அங்கிளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இந்தக் கவலையோடு அவர் அலைந்துகொண்டிருந்தபோதுதான் நாங்கள் அடுத்த தெருவில், புல் மண்டிய காலி மனைகளில் ஒன்றை வாங்கிப் பூமி பூஜை போட்டோம். ஈசான மூலையில் குழி எடுத்து, மஞ்சள் துணியில் நவதானியமும் பஞ்சலோகமும் முடிந்து புதைத்தாள் கலா. ஐந்து உலோகங்களில் பொன்னுக்கு, இறந்துபோன தன் அம்மாவின் மூக்குத்தியை ஊர் ஆசாரியிடம் உருக்கி வாங்கி வைத்திருந்தாள். அம்மா மேல் நின்றுதான் இந்த வீடு எழும்ப வேண்டும் என்பது அவள் ஆசை. அன்று அங்கிள் பலராட்டில் தோண்டிக்கொண்டிருந்தார்; எங்கள் மனை எது என்று பிறகும் அவர் கேட்கவில்லை. பூஜை முடிந்ததும் கட்டுமானக்காரர் நல்ல நேரம் பார்த்துக் காணாமல் போனார். மாதக்கணக்கில் புல்தான் வளர்ந்தது.

திடீரென்று ஒரு காலை அங்கிள் வேலியையே சாய்த்துக்கொண்டு வந்து நின்றார். கையில் ஒரு குட்டி மருந்துப் போத்தல். உள்ளே மிளகு அளவுக்கு ஒரு மஞ்சள் மணி.

"அசல் மண் தங்கம், தம்பி. பக்கத்திலயே வெள்ளி. செம்பு, இரும்பு, ஈயம், எல்லாம் ஒரே குழிக்குள்ள. உலகத்தில எங்கயும் இப்பிடி இல்லை. இடத்தை மட்டும் கேக்காதேங்கோ."

எனக்கும் ஒன்றும் உறைக்கவில்லை. பூஜையில் எதெது குழிக்குள் போகிறது என்று நான் எங்கே உற்றுப் பார்த்தேன்? கை குலுக்கினேன். அன்ரி அன்றைக்குப் பாயசம் வைத்தார். டிடெக்டர் கராஜிலிருந்து சாமி அறைக்குக் குடியேறியது. தீபாவளிக்குக் கூப்பிடாதவர்களெல்லாம் போத்தலைப் பார்க்க வரிசையில் வந்தார்கள், காசுமாலை அன்ரி உட்பட.

ஒருவழியாகக் கட்டுமானக்காரர் திரும்பி வந்தார். அஸ்திவாரத்துக்குக் கம்பி வலை கட்டி, கான்கிரீட் லாரி வந்து நின்ற நேரம், அங்கிள் டிடெக்டரோடு ஓடிவந்து மனையின் நடுவில் இரண்டு கைகளையும் விரித்தபடி நின்றார்.

"ஊத்த விடாதேங்கோ. இது தங்க வயல்." அப்போதுதான் என்னைப் பார்த்தார். "தம்பி, இது உங்கட காணியே? நல்லதாப் போச்சு. அரைவாசி உங்களுக்கு, அரைவாசி எனக்கு. கேளுங்கோ, எப்பிடிக் கத்துது."

கம்பி வலைக்கு மேல் பிடித்தால் கத்தாமல் என்ன செய்யும்? லாரி டிரைவர் கடிகாரத்தைக் காட்டித் திட்டினான். கலா போத்தலை வாங்கிப் பார்த்தாள். ஈசான மூலையைப் பார்த்தாள். அவள் முகம் மாறியதைக் கண்டு எனக்கும் கடைசியில் உறைத்தது.

"அங்கிள், குழியில மஞ்சத் துணி ஏதாவது இருந்துச்சா?" என்றாள் கலா.

"ஓம் பிள்ளை, ஒரு துண்டு கிடந்தது. அந்தக் காலத்தில தங்கம் தேடி வந்த சீனர் விட்டதாயிருக்கும்."

"பயறு?"

"பயறும் கிடந்தது. முளைச்சு..." என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார். விரித்திருந்த கைகள் மெல்ல இறங்கின. டிடெக்டரை அணைத்தார். அந்தக் கருவி வாய் மூடியதை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அழுவாள் அல்லது கத்துவாள் என்று நான் பயந்துகொண்டிருக்க, கலா போத்தலை அவர் கையிலேயே திரும்ப வைத்தாள்.

"அங்கிள், வீட்டுக்குக் கீழ கொஞ்சம் பொன் போடறது எங்க வழக்கம். இந்த ஊர்ல பொன் எடுத்த ஒரே ஆள் நீங்கதான். உங்க கையாலயே போடுங்க. அன்ரிகிட்டயும் நானே சொல்லிடறேன், அங்கிள் எங்களுக்குக் குடுத்துட்டாருன்னு."

அங்கிள் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. லாரி ஊற்றத் தொடங்கியதும் ஈசான மூலைக்குப் போய் ஈரக் கான்கிரீட்டில் போத்தலைக் கவிழ்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து இன்னொரு போத்தலை எடுத்தார். உள்ளே தண்ணீர்தான் தெரிந்தது. வெயிலில் சாய்த்துப் பிடித்த பிறகு அடியில் இரண்டு துகள்கள் மினுங்கின.

"பலராட்டில எடுத்தது, பிள்ளை. இவ்வளவுதானோ எண்டு சிரிப்பினம் எண்டு அன்ரிக்கும் காட்டேல்லை. ஆனா இது நான் எடுத்ததுதான்."

அதையும் கவிழ்த்தார். கலா சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு சிமெண்ட் தூசி என்றாள்.

இன்றைக்கும் அதே வீட்டில்தான் இருக்கிறோம். பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், இடம் போதவில்லை, விற்றுவிட்டுப் பெரிதாகப் பார்க்கலாமா என்று நான் அவ்வப்போது கேட்பதுண்டு. கலா தன் அம்மாவின் மூக்குத்தியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள்.

"அங்கிளோட தங்கம் கீழ இருக்குங்க. அதை யார்கிட்டயோ விட்டுட்டு எப்படி வர்றது?" என்பாள்.