தெருவெல்லாம் மாப்பிள்ளைத் துணி

"அடப்பாவமே, இது மாப்பிள்ளைத் துணியாச்சே!" என்று டெய்லர் அலறியபோது, கடைசி மாஸ்க்கும் தெருவில் யாரோ ஒருவர் மூக்கில் ஏறிவிட்டிருந்தது.

ஊரடங்கு. பாதி ஷட்டர்தான் திறந்திருந்தது. அந்த அரையிருட்டில், மாஸ்க்குக்கென்று எடுத்து வைத்திருந்த தலையணை உறைத் துணியை விட்டுவிட்டு, பக்கத்து மூட்டையை வெட்டித் தைத்து, தெருவுக்கே தர்மம் பண்ணியிருந்தார் மனுஷன். அது எதிர்வீட்டுக்காரனின் சந்தன நிறக் கல்யாணச் சட்டைத் துணி. கல்யாணமோ நாளைக்கு!

எதைக் கேட்டாலும் "நாளைக்கு வாங்க" என்பதால் டெய்லருக்கு 'நாளைக்கு' என்றே பட்டப்பெயர்.

"இந்தச் சட்டையாவது நேரத்துக்குப் போகணும். இல்லேன்னா கடைப்பக்கம் ஈ காக்கா வராது" என்று காலையில்தான் மனைவி எச்சரித்திருந்தாள்.

"வேற துணி வாங்கலாம்னா கடையெல்லாம் பூட்டிக் கிடக்கே!" என்று புலம்பினார்.

"குடுத்ததைத் திருப்பி வாங்குங்க. பிரிச்சு ஒட்டுப் போடலாம்" என்றாள் மனைவி.

ஓடினார். முதலில் அகப்பட்டவர் காய்கறி வண்டிக்காரர்.

"என்னண்ணே, தானம் குடுத்ததையா பிடுங்குறீங்க?"

"தையல் சரியில்லப்பா. பிரிஞ்சிடும்" என்று வாய்க்கு வந்ததை அடித்துவிட்டார்.

அவ்வளவுதான். 'நாளைக்கு டெய்லர் தைத்த மாஸ்க்கில் கிருமி நுழையுதாம்' என்று தெருவே கொதித்தது. மாஸ்க்கைக் கழற்றிக் கையில் பிடித்தபடி கடை முன்னால் கூட்டம் முண்டியடித்தது.

"மூஞ்சில ஒண்ணும் இல்லாம இங்க என்னய்யா கூட்டம்?" என்று லத்தியைத் தட்டிக்கொண்டு வந்தார் போலீஸ்காரர். கூட்டம் மாஸ்க்குகளை வீசிவிட்டுச் சிதறியது. டெய்லர் மட்டும் போலீஸ்காரர் முகத்து மாஸ்க்கையே பார்த்துக்கொண்டு நின்றார். சந்தன நிறம்!

"சார்... அதையும் கொஞ்சம் கழட்டிக் குடுத்தீங்கன்னா..."

பொறுக்கிய மாஸ்க்குகளோடும் முழங்காலுக்குக் கீழே ஒரு லத்தியடியோடும் திரும்பினார். அந்த ஒன்று வரவேயில்லை.

"ஊரான் எச்சில்பட்டதை மாப்பிள்ளை உடம்புல போடுறதா?" என்று மனைவி எல்லாவற்றையும் வெந்நீரில் கொதிக்க வைத்தாள். கிருமி செத்ததோ இல்லையோ, துணி சுருங்கியது. அயர்ன் பண்ணிக் காயவைத்து, வியர்க்க விறுவிறுக்க ஒட்டுப் போட்டார் டெய்லர். ஒரு கை முழங்கையோடு நின்றுவிட்டது. முதுகில் காய்கறிக்காரரின் டீக்கறை. பாக்கெட் இருக்கவேண்டிய இடத்தில், போலீஸ்காரர் புண்ணியத்தில், ஓட்டை.

"இதைப் போட்டுக்கிட்டு மணமேடையில உட்கார்ந்தா பொண்ணு எந்திரிச்சு ஓடிடுவாளே!" என்று தலையில் கைவைத்தார். ஒரு நல்ல பையனின் கல்யாணத்தைக் கெடுத்துவிட்டோமே என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

"டெய்லரண்ணே!"

மாப்பிள்ளை! வாசலிலேயே தள்ளி நின்றான். டெய்லர் சட்டையைச் சுருட்டி மெஷினுக்கு அடியில் திணித்தார்.

"அந்தச் சட்டை..." என்று அவன் ஆரம்பித்தான்.

பழக்கதோஷம், டெய்லரின் வாய் தானாகத் திறந்தது. "நாளைக்கு..."

"அப்பாடா, இன்னும் வெட்டலையே!" மாப்பிள்ளை முகம் மலர்ந்தது. "நீங்க எங்க நேரத்துக்குத் தைச்சிருக்கப் போறீங்கன்னு நம்பித்தான்ணே வந்தேன். வேற சட்டை எங்கிட்டயே இருக்கு, மாஸ்க் இல்லாம மண்டபத்துல யாரையும் விட மாட்டாங்களாம், அந்தத் துணியை எல்லாருக்கும் மாஸ்க்கா தைச்சுக் குடுத்துடுங்க!"