நிலா ஸ்டேஷனில் இறங்கியவர்

"அந்தத் தொடர்கதை முழுசா இருக்குன்னு ஏன் சொன்னீங்க?" என்று மனைவி பல் டாக்டரின் காதோரம் கிசுகிசுத்தாள். "கடைசி அத்தியாயம் உங்ககிட்ட இல்லையே."

"மெதுவாப் பேசு. அவருக்கு மரத்துப் போனது வாய்தான், காது இல்லை."

நாற்காலியில் பதிப்பாளர் வாயைப் பிளந்தபடி கிடந்தார். பல்லில் கை வைப்பதற்கு முன் பேச்சுக் கொடுப்பது டாக்டரின் வழக்கம். பேச்சு என்றால் அவர் மட்டும் பேசுவது. வந்தவர் வாயில் பஞ்சு இருக்கும். மறுத்துப் பேச வழியில்லை. ஊரில் பாதிப் பேர் சந்திரமண்டலத்தாரைப் பற்றித் தெரிந்துகொண்டது இப்படித்தான்.

சந்திரமண்டலத்தார் என்பது வாசகர்கள் வைத்த பெயர். மனிதன் நிலாவுக்குப் போவதற்கு முன்பே ஒரு வாரப் பத்திரிகையில் தொடர்கதை எழுதி, அங்கே ரயில் விட்டவர். அவருடைய நிலாவில் மழை பெய்யும். ஒரு ஸ்டேஷனும் ஒரு ஸ்டேஷன் மாஸ்டரும் உண்டு. பூமியிலிருந்து வரவேண்டிய முதல் ரயிலுக்காக அந்த மனிதர் தினமும் கொடியோடு நிற்பார். மற்ற எழுத்தாளர்கள் நிலாவில் யுத்தம் நடத்திக்கொண்டிருந்தபோது, அங்கே துவைத்த துணி காயுமா என்று கவலைப்பட்டவர் இவர் ஒருவர்தான். பெரிய பேரெல்லாம் கிடைக்கவில்லை. பத்திரிகை நின்றது, அவரும் போய்ச் சேர்ந்தார். பிறகு நிஜமாகவே ஆட்கள் நிலாவில் இறங்கி, மழையும் இல்லை ஒரு மண்ணும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். டாக்டர் அவர்களை இன்றுவரை மன்னிக்கவில்லை.

சின்ன வயதில் அவரும் அக்காவும் தரையில் குப்புறப் படுத்து, தலையோடு தலை முட்ட அந்தத் தொடரை வாசிப்பார்கள். அக்கா வேகமாகப் படிப்பாள். ஆனால் தம்பி முடிக்கும்வரை பக்கத்தைத் திருப்ப மாட்டாள். கடைசி அத்தியாயம் வந்த வாரம் அவருக்குக் காய்ச்சல். எழுந்து பார்த்தால் அந்தத் தாளையே காணோம். பின்பக்கத்தில் சோப்புக் கம்பெனியின் போட்டிக் கூப்பன் இருந்ததாம். அக்கா கிழித்துத் தபாலில் போட்டுவிட்டாள். அவளாவது படித்தாளா என்றால், முதலில் கூப்பன் பக்கம்தான் கண்ணில் பட்டது என்றாள்.

தம்பி சேர்த்துவைத்த அத்தியாயங்கள் ரயிலின் கூவலோடு முடிந்திருந்தன. இறங்கியது யார் என்பது சோப்புக் கம்பெனிக்குத்தான் தெரியும். தம்பி அக்காவோடு ஒரு மாதம் பேசவில்லை. பரிசும் வரவில்லை. நூலகம், பழைய பேப்பர் கடை என்று பிற்பாடு அலைந்ததும் வீண். இப்போது அக்காவும் இல்லை. அந்த ஒரு மாதத்தைப் பேசித் தீர்க்க அவருக்கு இனி ஆளில்லை.

பல் பிடுங்கி முடிந்ததும் பதிப்பாளர் பஞ்சைக் கடித்தபடியே சொன்னார். "எங்கப்பா இந்தக் கதையைப் பத்திச் சொல்லிட்டே இருப்பார். முழுசா இருக்குன்னீங்களே, புத்தகமாப் போட்டுடறேன், டாக்டர். முடிவு இல்லாமப் போட்டா அடிக்க வந்துடுவாங்க."

அந்த ஸ்டேஷன் மாஸ்டர் மறுபடியும் கடைகளில் நிற்கப்போகிறார். இல்லை என்று சொல்ல டாக்டருக்கு நாக்கு எழவில்லை.

"கடைசி அத்தியாயம் மட்டும் பைண்டர்கிட்ட இருக்கு. வாங்கித் தரேன்."

"எந்த பைண்டர்? நானே போய் வாங்கிக்கறேன்."

"அவர் வெளியூர் போயிருக்கார்."

பைண்டர் திரும்புவதற்குள் பதிப்பாளர் விளம்பரம் கொடுத்துவிட்டார். "இப்ப என்ன பண்ணப் போறீங்க?" என்றாள் மனைவி.

"நானே எழுதிடறேன்."

"பல்லைப் பிடுங்கறது போதாதா உங்களுக்கு?"

ஒரு பல்லுக்கும் இன்னொரு பல்லுக்கும் நடுவில் உட்கார்ந்து எழுதினார். ரயிலிலிருந்து முதலில் ஒரு விஞ்ஞானியை இறக்கினார், சரிப்படவில்லை. ராஜகுமாரியை இறக்கினார், அவருக்கே சிரிப்பு வந்தது. கடைசியில் குடையோடு இறங்கினாள் ஸ்டேஷன் மாஸ்டரின் அக்கா. "ரொம்ப நேரமா நிக்கிறியா தம்பி?" என்று மட்டும் கேட்டாள். எழுதிவிட்டு டாக்டர் அழுதார். வெளியே காத்திருந்தவர், உள்ளே யாருக்கோ பெரிய பல் போலிருக்கிறது என்று எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்.

பத்திரிகையைப் பார்த்து நகல் எடுத்ததாகச் சொல்லிக் கொடுத்ததும், பதிப்பாளர் தலைகால் புரியாமல் ஆடினார். "இந்த ஒரு அத்தியாயத்துக்காகத்தான் மத்ததையெல்லாம் எழுதியிருக்கார் மனுஷன். அந்த அசல் தாளைக் கொடுங்க, படம் எடுத்து அட்டையில போட்டுடலாம்."

"அதைக் கரையான் அரிச்சுடுச்சு."

"போன வாரம் நகல் எடுத்தீங்களே?"

"எடுத்து வச்ச உடனே வந்துடுச்சு."

அவர் போனபின் மனைவி சொன்னாள், "காத்திருந்து தின்ன கரையானை இப்பதான் கேள்விப்படறேன்."

இரண்டு நாள் கழித்துப் பதிப்பாளர் தொலைபேசியில் கூப்பிட்டார். "நல்ல சேதி, டாக்டர். அசல் போனாப் போகுது. சந்திரமண்டலத்தாரோட மனைவி இருக்காங்க. அச்சடிச்ச பக்கத்தையெல்லாம் படிக்கக் கொடுத்தேன், ஒரே மூச்சுல படிச்சுட்டாங்க. உங்களைப் பார்க்கணுமாம். நாளைக்குக் கூட்டிட்டு வரேன். பல் செட்டும் ஆடுதாம்."

டாக்டர் அன்றைக்குச் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார். போலிக் கையெழுத்துப் போட்டவனுக்கும் தனக்கும் என்ன வித்தியாசம் என்று யோசித்துப் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை.

மறுநாள் அந்த அம்மா வந்தார். ஒல்லியான உடம்பு, நிமிர்ந்த முதுகு, தடித்த கண்ணாடி. பதிப்பாளர் வெளியே உட்கார்ந்துகொண்டார்.

"அந்தக் கடைசி அத்தியாயத்தைப் பத்தி..." என்று அந்த அம்மா ஆரம்பித்தார்.

டாக்டர் பதறிப்போய், புதுப் பல் செட்டுக்கு அச்சு எடுக்கும் பசையை அவர் வாயில் வைத்து அழுத்திவிட்டார். அது இறுகும்வரை வாய் திறக்க முடியாது. ஆனால் அந்தக் கண்கள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. கேள்வியே வராத இடத்தில் பொய்க்கு வேலையில்லை; டாக்டருக்கு உண்மை தானாகக் கொட்டிவிட்டது.

"அதை நான்தாம்மா எழுதினேன். அவர் எழுதினதை நான் கண்ணால பார்த்ததே இல்லை. அது எங்கக்கா. குடைகூட அவளோடதுதான். பெரிய மனுஷன் கதையில என் வீட்டு ஆளைக் கொண்டுவந்து இறக்கிட்டேன். புத்தகத்தை நிறுத்தச் சொன்னாலும் சரி, ஊரறியச் சொன்னாலும் சரி. அந்த ஸ்டேஷன் மாஸ்டர் மறுபடி அச்சுல வரணும்னுதான் ஆசைப்பட்டேன்."

பசை இறுகிவிட்டது. அச்சை எடுத்தார். அந்த அம்மா நிதானமாக வாய் கொப்பளித்து, துப்பி, டாக்டரின் மனைவி நீட்டிய துண்டில் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"உங்க வீட்டுக்காரர் எப்படி முடிச்சிருந்தார்னு மட்டும் சொல்லிடுங்கம்மா," என்றார் டாக்டர், தரையைப் பார்த்தபடி.

"பேருதான் அவரோடது, டாக்டர். நான் எழுதினப்போ அந்த ரயில்லேருந்து யாருமே இறங்கலை. உங்க அக்கா வந்தது நல்லதாப் போச்சு."